வெளிச்செவி அழற்சி: மாத்திரைக்கு முன் தூய்மை

செவித்துளையிலிருந்து செவிப்பறை வரை ஏறத்தாழ 2.5 செ.மீ. நீளமுள்ள குழலின் தோலில் தோன்றும் அழற்சியே வெளிச்செவி அழற்சி. குழலின் வெளிப்புற மூன்றில் ஒரு பகுதி குருத்தெலும்பாலும் எஞ்சியது எலும்பாலும் ஆனது. எலும்புப் பகுதியின் தோல் மிக மெல்லியது; எலும்புறையோடு ஒட்டியே கிடப்பது. வீங்குவதற்கு அங்கே இடமில்லை. அதனால்தான் காதுமடலைத் தொட்டாலும், உணவை மென்றாலும் நோயாளி துடித்துப்போகிறார்.

இக்குழலைக் காப்பது குரும்பி. அதன் அமிலத்தன்மையும் எண்ணெய்ப் பசையும் கிருமிகளைத் தடுக்கின்றன; தோலும் மெல்ல வெளிநோக்கி நகர்ந்து அழுக்கைத் தள்ளுகிறது. ஊக்கு, பஞ்சுக்குச்சி, தேங்கும் நீர் ஆகியவை இக்காப்பைக் குலைக்கின்றன. படுக்கையிலேயே குளிப்பாட்டப்படும் உள்நோயாளிக்கும், காதுகேள் கருவியைக் கழற்றாத முதியவருக்கும் இதே இடர் உண்டு. சூடோமோனாஸ் ஏருஜினோசா, ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் இரு பாக்டீரியாக்களே பெரும்பாலும் நோயை உண்டாக்குகின்றன.

சிக்கலற்ற நோய்க்கு நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை தேவையில்லை. நோயாளியும் சில வேளை மருத்துவரும் இதை ஏற்கத் தயங்குவதுண்டு. ஆனால் கணக்கு தெளிவானது. 0.3% சிப்ரோஃப்ளாக்சசின் சொட்டு மருந்தின் ஒரு மில்லிலிட்டரில் 3,000 மைக்ரோகிராம் மருந்து உள்ளது. அம்மருந்தின் 500 மி.கி. மாத்திரையை விழுங்கினால் இரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு இரண்டு, மூன்று மைக்ரோகிராம்தான் சேர்கிறது. அமெரிக்கக் காது-மூக்கு-தொண்டை மருத்துவர் கழகத்தின் 2014 வழிகாட்டுநெறியும் சொட்டு மருந்தையே முதல் சிகிச்சையாக வைக்கிறது. ஆனால் சீழும் தோல்கழிவும் அடைத்த குழலில் சொட்டு மருந்து உட்செல்லாது. ஆகவே உறிஞ்சுகருவியாலோ உலர்பஞ்சாலோ குழலைத் துப்புரவாக்குவதுதான் சிகிச்சையின் பாதி. வீக்கத்தால் குழல் மூடியிருந்தால் மருந்தில் தோய்த்த திரியைச் செருகவேண்டும். வலிநிவாரணியும் மறக்கப்படலாகாது. செவிப்பறையில் துளை இருந்தால் ஜென்டாமைசின், நியோமைசின் போன்ற மருந்துகளைத் தவிர்க்கவேண்டும். அவை உட்செவியின் உணர்வு மயிரணுக்களைக் கெடுக்கக்கூடியவை.

சொட்டு மருந்து பல நாள் இட்டும் அரிப்பு மிகுந்தால் பூஞ்சையை ஐயுறவேண்டும். ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை நனைந்த செய்தித்தாள் போலக் குழலை நிறைத்திருக்கும். பாக்டீரியா மருந்து இதற்கு உதவாது என்பதோடு, பூஞ்சை வளர வழியும் விடுகிறது. முழுதும் அகற்றித் துடைத்தபின் 1% குளோட்ரிமசோல் இடுவதே முறை.

மருத்துவமனையில் பெரிதும் அஞ்சவேண்டியவர் நீரிழிவுள்ள முதியவர். குழலின் தரைப்பகுதியில் குருத்தெலும்பும் எலும்பும் சேருமிடத்து இடுக்குகள் வழியே சூடோமோனாஸ் மண்டையோட்டின் அடித்தளத்துக்குப் பரவுகிறது. 1968-இல் மருத்துவர் சாண்ட்லர் 13 நோயாளிகளைக் கொண்டு இதைத் தனி நோயாக விவரித்தார். தூக்கத்தைக் கலைக்கும் இரவு வலி, குழலுள் சிவந்த தசைத் துளிர்ப்பு, உயர்ந்த இ.எஸ்.ஆர். ஆகியவை இதன் அடையாளங்கள். நோய் முற்றினால் முகவாதம் வரும். சி.டி. ஸ்கேனில் எலும்பு அரிப்பு தெரியலாம். புற்றுநோயும் இதே தோற்றம் தரும் என்பதால் தசைத் துளிர்ப்பைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பவேண்டும். குரும்பி எடுக்கக் குழாய்நீரைப் பீய்ச்சியதைத் தொடர்ந்து இந்நோய் கண்டவர்களும் உண்டு. நீரிழிவாளர்க்கு அம்முறையைக் கைவிடுவதே நன்று.

எலும்புக்குப் பரவிய இந்நோய் கண்டவர்களுக்கு வாய்வழியோ சிரைவழியோ மருந்து இன்றியமையாதது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்து, குறைந்தது ஆறு வாரம் தொடரவேண்டும். முதல் வலிக்கே ஐந்து நாள் சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை தரும் வழக்கத்தின் கேடு இங்குதான் வெளிப்படுகிறது. அரைகுறை மருந்து நோயைத் தற்காலிகமாக அடக்கி, வளர்சோதனையில் கிருமி சிக்காமல் மறைக்கிறது. எதிர்ப்பாற்றல் பெற்ற வகையையும் வளர்க்கிறது. இந்தியாவில் வயதுவந்தோரில் 11.4% பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு காட்டியது. எனவே நீரிழிவாளரின் காதுச் சீழை, மாத்திரை தொடங்கும் முன்பே வளர்சோதனைக்கு அனுப்புவது ஒவ்வொரு மருத்துவமனையிலும் கட்டாய நடைமுறையாகவேண்டும்.