மணியின் நாக்கு: வீட்டுப் பூஜை மணி பற்றிச் சில குறிப்புகள்

தை அமாவாசையன்று திருவள்ளூர் வீரராகவர் கோயில் குளத்தில் வெல்லம் கரைத்துவிட்டு வெளியே வந்த அம்மா, அப்படியே கும்மிடிப்பூண்டிக்குத் திரும்பாமல் பக்கத்துத் தெருவில் ஒரு பாத்திரக்கடைக்குள் நுழைந்துவிட்டாள். புதிதாகக் குடிபோன வீட்டின் சாமி அலமாரிக்கு ஒரு கைமணி வேண்டுமாம். கடைக்காரர் மூன்றை எடுத்து வைத்தார். ஒன்றின் பிடியில் நந்தி, ஒன்றில் சக்கரமும் அனுமாரும், மூன்றாவது வெறும் குமிழ். 'நீங்க எந்தப் பக்கம்மா?' என்று கேட்டார். அம்மா சொன்னாள்: 'எங்களுக்கு எல்லையம்மன்ப்பா.' அவர் யோசிக்கவேயில்லை. 'அப்போ நந்தி எடுத்துக்கங்க' என்றார். காசை வாங்குவதற்கு முன்னால் இன்னொன்றும் சொன்னார்: 'எடுத்துட்டுப் போயி அப்படியே ஆட்டிடாதீங்க. ஐயர்கிட்ட குடுத்து பூஜை பண்ணி வாங்கிக்கங்க.'

இந்தக் கட்டுரை அந்த 'அப்போ'வைப் பற்றியது. எல்லையம்மனுக்கும் நந்திக்கும் நடுவே அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை நூற்றாண்டுகள் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன என்பதைப் பற்றியது. தேர்வு என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தது ஏற்கெனவே தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது. சைவம், வைணவம் என்ற இரண்டு பெட்டிகள்தாம் அந்தக் கடையில் இருந்தன. மூன்றாவதாக வருகிறவர் இரண்டில் ஒன்றுக்குள் போய்த்தான் ஆகவேண்டும். குமிழ் மணியை அவர் ஒரு பேச்சுக்குத்தான் எடுத்து வைத்தார்.

முதலில் உலோகத்தைப் பார்த்துவிடலாம். கடையில் எல்லாவற்றையும் ஐம்பொன் என்றுதான் சொல்கிறார்கள். நாதம் ஐந்து உலோகத்தால் வருவதில்லை, இரண்டால் வருகிறது. செம்பு நான்கு பங்குக்குச் சற்றுக் குறைய, வெள்ளீயம் ஒரு பங்குக்குச் சற்றுக் கூட. இதுதான் மணிக்கு உகந்த வெண்கலம். செம்போடு துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை. பித்தளை மணி தட்டியதும் கத்தும், உடனே அடங்கிவிடும். வெண்கல மணி சும்மா தொட்டாலே கார்வை நிற்கும். ஆனால் ஈயம் ஏற ஏற உலோகம் நொறுங்கும் தன்மையும் ஏறுகிறது. கீழே விழுந்தால் விரிசல் விடும், விரிசல் விட்டால் ஊமை. வெண்கலக் கடையில் யானை புகுந்த மாதிரி என்ற சொலவடையில் நாம் சத்தத்தை மட்டும்தான் கேட்கிறோம். கடைக்காரனுக்கு அதில் நட்டம் கேட்டிருக்கும்.

1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ ஆதிச்சநல்லூரில் தோண்டியெடுத்த பொருட்களுக்குள்ளும் நீலகிரிக் கல்லறைகளில் கிடைத்த கிண்ணங்களுக்குள்ளும் இத்தகைய ஈயம் மிகுந்த வெண்கலம் இருக்கிறது. தமிழகத்தில் சொல்லிக்கொள்ளும்படியான வெள்ளீயச் சுரங்கம் கிடையாது. வெள்ளீயம் வெளியிலிருந்து வரவேண்டிய சரக்கு. அப்படிப் பார்த்தால் நம் பூஜை அலமாரியில் இருக்கும் மிகச் சுத்தமான பொருளுக்குள் ஒரு நெடுந்தூர வியாபாரம் உருகிக் கிடக்கிறது.

சங்கப் பிரதிகளில் மணி நிறைய ஒலிக்கிறது. யானையின் இரு பக்கமும், தேரில், மாட்டின் கழுத்தில், குழந்தையின் காலில். ஆனால் வீட்டில் சாமி கும்பிடும் இடத்தில்? முல்லைப்பாட்டில் முதுபெண்டிர் நெல்லும் பூவும் தூவிக் கைதொழுது நற்சொல்லுக்குக் காத்து நிற்கிறார்கள். நெடுநல்வாடையில் மழை இருட்டில் பொழுது தெரியாமல், பூவின் மணத்தால் மாலை வந்ததை அறிந்த பெண்கள் இரும்பு விளக்கைக் கொளுத்தி நெல்லும் மலரும் தூவுகிறார்கள். விளக்கு, நெல், பூ, கை. மணி இல்லை. இதைப் 'பழந்தமிழர் மணியற்றவர்' என்று ஒரு கோட்பாடாக நான் ஊதிப் பெருக்க விரும்பவில்லை. நம் தமிழ்த்துறைகளில் அந்தக் காரியம் போதுமான அளவுக்கு நடந்துவிட்டது. நான் பார்ப்பது வேறு ஒன்றை. அந்தக் காட்சிகளில் கும்பிடுகிறவர்கள் பெண்கள். இடையில் யாரும் இல்லை. சாமியைக் கூப்பிட ஒரு கருவி தேவைப்படவில்லை, கருவியை இயக்க உரிமை பெற்ற ஒருவரும் தேவைப்படவில்லை.

கைமணி கோயில் வழியாக வருகிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் சீபலிக்குக் கொட்டுகிறவர்களின் பட்டியலில் செகண்டிகையும் காளமும் கைமணியும் இருக்கின்றன. அதை ஒலிக்கிறவருக்கு நிவந்தம் உண்டு. ஒலி ஒரு காணியாகிறது. இன்னார் இன்ன நேரத்தில் இன்ன கருவியைத் தொடலாம் என்று கல்லில் வெட்டியாகிறது. பூஜாவிதி நூல்களில் மணிக்கே ஒரு பூஜை உண்டு. கழுவி, சந்தனமும் குங்குமமும் இட்டு, அட்சதையும் பூவும் போட்டு, மந்திரம் சொல்லி ஒருமுறை ஆட்டவேண்டும். அந்த மந்திரத்தின் பொருள் எளிது: தேவர்கள் வரட்டும், அரக்கர்கள் போகட்டும். வரச் சொல்வதும் போகச் சொல்வதும் ஒரே ஓசை. யார் தேவர், யார் அரக்கர் என்பதை ஓசை முடிவு செய்வதில்லை. ஐந்தாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் வட இந்தியாவுக்கு வந்த சீனத் துறவி பாஹியான், சண்டாளர்கள் ஊருக்குள் நுழையும்போது ஒரு கட்டையைத் தட்டிக்கொண்டு வரவேண்டியிருந்ததை எழுதிவைத்திருக்கிறார். விலகிப் போ என்று ஊருக்குச் சொல்ல, விலக்கப்பட்டவனே ஒலி எழுப்பவேண்டும். மணியின் வரலாற்றை எழுதும்போது இந்தக் கட்டையின் வரலாற்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

வைணவத்தில் மணி ஆளாகவே மாறிவிடுகிறது. 1268இல் காஞ்சிபுரத்துத் தூப்புலில் பிறந்த வேதாந்த தேசிகரைத் திருமலைக் கோயில் மணியின் அவதாரம் என்பார்கள். தாய் கனவில் மணியை விழுங்குகிறாள். விடிந்து பார்த்தால் கோயிலில் மணியைக் காணோம். அதனால்தான் திருமலைக் கருவறையில் கைமணி ஆட்டுவதில்லை என்று வழக்கு. திருவள்ளூர் வீரராகவர் கோயிலை நிர்வகிக்கும் அகோபில மடம் தேசிகரைப் பின்பற்றும் வடகலை மரபைச் சேர்ந்தது. ஆகவே மணியாகப் பிறந்த ஆசாரியரின் வழிவந்தவர்களுடைய கோயில் வாசலில்தான் நாங்கள் மணி வாங்கினோம். கடைக்காரர் இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அம்மா விலையைக் குறைத்துக் கேட்டிருப்பாள்.

இனி அந்த இரண்டாவது வாக்கியம், 'ஐயர்கிட்ட குடுத்து'.

மணியை வார்க்கிறவர் கன்னார். கொல்லர், தச்சர், தட்டார், சிற்பி என்று சேரும் கம்மாளர் ஐவரில் ஒருவர். மெழுகில் உரு செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் வெண்கலத்தை ஊற்றுகிறார். சுவரின் தடிப்பு எங்கே கூடும், எங்கே குறையும் என்பதில் இருக்கிறது நாதம். பிறகு நாக்கு. நாக்கு பருத்தால் ஓசை முரடாகும், மெலிந்தால் எட்டாது. இதையெல்லாம் தெரிந்தவர் செய்து முடித்துக் கையைக் கழுவியதும், அந்தப் பொருள் இன்னும் 'சுத்தமாகவில்லை' என்கிறது வழக்கம். சிலை செய்கிற ஸ்தபதிக்காவது கண் திறக்கும் சடங்கு இருக்கிறது. அந்த ஒரு கணம் சாமி அவர் கையில் இருக்கிறது. மணிக்குக் கண் கிடையாது. ஆகவே கன்னாருக்கு அந்தக் கணமும் கிடையாது.

கொங்கு நாட்டில் கோனேரின்மைகொண்டான் என்ற பட்டத்தோடு ஓர் அரசன் வெளியிட்ட ஆணை கல்வெட்டாகக் கிடைத்திருக்கிறது. வெங்கால நாட்டுக் கண்மாளருக்கு அதில் சில உரிமைகள் தரப்படுகின்றன. அவர்களுடைய நன்மை தீமைகளில் இரட்டைச் சங்கு ஊதிக்கொள்ளலாம், பேரிகை கொட்டிக்கொள்ளலாம், வெளியே போகும்போது செருப்பு போட்டுக்கொள்ளலாம், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். இந்தப் பட்டியலைத் திருப்பிப் படிக்கவேண்டும். அதுவரை இவை கூடாது என்பதுதான் அதன் பொருள். ஊருக்கெல்லாம் மணி வார்த்துக் கொடுத்தவர்கள், தங்கள் வீட்டுக் கல்யாணத்திலும் சாவிலும் சத்தம் எழுப்ப ராஜாவின் ஓலைக்குக் காத்திருந்திருக்கிறார்கள். இதைவிடத் தெளிவாக ஒலியின் சாதியை வேறெந்த ஆவணம் சொல்லும் என்று எனக்குத் தெரியவில்லை.

அவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. தங்கள் சடங்குகளைத் தாங்களே செய்துகொள்ள உரிமை உண்டென்று வழக்காடினார்கள். சித்தூர் ஜில்லா அதாலத்து 1818இல் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. சித்தூர் எங்கோ தூரத்தில் இல்லை. இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கும் திருத்தணி 1960 வரை சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. அம்மாவிடம் 'ஐயர்கிட்ட குடுங்க' என்று சொன்ன கடையிலிருந்து, அப்படிக் கொடுக்கத் தேவையில்லை என்று வாதிட்டு ஜெயித்த ஊருக்குச் சில மணிநேரப் பயணம்தான்.

திராவிட இயக்கப் பேச்சில் 'மணியாட்டுவது' என்பது கேலிச்சொல். அந்தக் கேலியில் ஒரு நியாயம் இருந்தது. ஆனால் கேலி செய்யப்பட்ட கையில்தான் அதிகாரம் இருந்தது என்பதால், மணியை யார் ஆட்டுவது என்ற கேள்வி கேலியோடு முடிய முடியவில்லை. பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழித்த 1970ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், 1972இல் சேஷம்மாள் வழக்கின் தீர்ப்பு, 2006 அரசாணை, பயிற்சி பெற்ற பிற சாதியினர் 24 பேர் அர்ச்சகர்களாக நியமிக்கப்பட்ட 2021 ஆகஸ்டு என்று அரை நூற்றாண்டாக அது நீள்கிறது. கோயிலில் இவ்வளவு சண்டை நடந்துகொண்டிருக்க, வீட்டு அலமாரி மட்டும் சத்தமில்லாமல் பழைய விதிக்குள் போய்க்கொண்டிருக்கிறது என்பதுதான் என் கவலை.

அந்த அலமாரியே புதியது. எங்கள் பாட்டி வீட்டில் சுவரில் ஒரு விளக்கு மாடம் இருந்தது, அவ்வளவுதான். அம்மன் ஊர் எல்லையில் இருந்தாள். அவளைக் கூப்பிடப் பம்பையும் உடுக்கையும் உண்டு, அவை ஊர் கூடினால்தான் ஒலிக்கும். 1894இல் பம்பாயில் தொடங்கிய ரவிவர்மா அச்சகமும், பின்னால் கொண்டையராஜு வகையறா வரைந்து சிவகாசியில் அச்சான காலண்டர் படங்களும் சாமிகளை வீட்டுச் சுவருக்குக் கொண்டுவந்தன. படம் வந்தபின் படத்துக்குச் சட்டம், சட்டத்துக்கு அலமாரி, அலமாரிக்குக் கதவு, கதவில் வரிசையாகக் குட்டி மணிகள். வீடு கோயிலின் சிறு பிரதியாக ஆகிறது. பிரதி என்றால் மூலத்தின் விதிகளும் கூடவே வரும். எங்கள் வீட்டில் அப்பா இருந்தவரை விளக்கேற்றியது அம்மா, தீபாராதனைக்கு அண்டை வீட்டில் இரவல் வாங்கிய மணியை அடித்தது அப்பா. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.

ஒலியால் ஓர் எல்லையைக் கட்டுவது எல்லா இடத்திலும் நடந்திருக்கிறது. திருச்செந்தூரில் பூஜை முடிந்த சேதியை மணிமண்டபங்கள் வழியாக அஞ்சல் செய்து, பாஞ்சாலங்குறிச்சியில் அதைக் கேட்ட பின்னரே கட்டபொம்மன் சாப்பிட உட்கார்ந்தான் என்பார்கள். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் மதுரைக்கும் இடையே திருமலை நாயக்கருக்கும் இதே கதை. பக்திக் கதையாகச் சொல்லப்படுவதில் ஒரு பாளையத்தின் வரைபடம் இருக்கிறது. மணி கேட்கும் தூரம் வரை ஆட்சி. பிரெஞ்சுப் புரட்சி கிராமத்து மாதாகோயில் மணிகளை இறக்கி உருக்கிக் காசும் பீரங்கியும் செய்தது. அந்த மணிகளுக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் கிராமங்கள் சண்டை போட்டதை அலேன் கோர்பன் 1994இல் ஒரு புத்தகமாகவே எழுதினார். கத்தோலிக்கரின் பழைய முறைப்படி ஆயர் மணியைக் கழுவி, வெளியே ஏழு இடத்திலும் உள்ளே நான்கு இடத்திலும் எண்ணெய் பூசி, பெயரும் வைப்பார். சனங்கள் அதை மணியின் ஞானஸ்நானம் என்றே சொன்னார்கள்.

பெயர் எழுதிய தமிழ் மணி ஒன்று உண்டு, கோயில் மணியல்ல. நியூசிலாந்தில் மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைக்கும் பாத்திரமாக வைத்திருந்ததை 1830களில் வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார் கண்டு வாங்கினார். இன்று வெலிங்டனில் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முகைய்யதீன் வக்குசு என்பவருடைய கப்பலின் மணி என்று விளிம்பைச் சுற்றித் தமிழில் எழுதியிருக்கிறது. ஒரு முஸ்லிம் வணிகரின் மணி. நாக்கைக் கழற்றிக் கவிழ்த்தால் எந்த மணியும் சட்டிதான் என்று அந்தப் பெண்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

கும்மிடிப்பூண்டியில் இப்போது நேரம் சொல்வது வேறு ஒலி. சிப்காட்டில் பழைய இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கிற ஆலைகள் இருக்கின்றன. உலைக்கு முன்னால் நிற்பவர்களில் பலர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். ஆலையின் ஊதலை நாம் சைரன் என்பதைவிடச் சங்கு என்றே சொல்லிவந்திருக்கிறோம். சங்கு ஊதியாச்சு என்றால் ஷிப்டு. கோயிலில், சாவில், மில்லில் என்று மூன்று இடத்துக்கும் ஒரே சொல். முதலாளியம் காலத்தை எப்படி உடலுக்குள் இறக்கியது என்று இ. பி. தாம்சன் 1967இல் எழுதிய கட்டுரையை நாம் மேற்கோள் காட்டுகிறோம். அதைத் தமிழ்த் தொழிலாளி ஒரு சொல்லில் சொல்லி வைத்திருப்பதைக் கவனிப்பதில்லை. வருடத்தில் ஒருநாள், ஆயுதபூஜையன்று, அந்த எந்திரங்களுக்கும் பொட்டு வைத்துக் கைமணி அடிக்கிறார்கள்.

கடையில் அம்மா மூன்றையும் ஆட்டிப் பார்த்தாள். நந்தி மணி சட்டென்று நின்றுபோனது, பித்தளையாக இருக்கவேண்டும். அனுமார் மணி பரவாயில்லை. குமிழ் மணியைத் தொட்டதும் அது நின்று நிதானமாக இழுத்தது. கடைக்காரர் எடை போட்டார். 'சாமி இல்லாத மணிம்மா, பார்த்துக்கங்க' என்றார். 'சாமி வீட்ல இருக்குதுப்பா' என்றாள் அம்மா.

வீட்டுக்கு வந்து புளி போட்டுத் தேய்த்தாள். மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, ஒரு படி நெல்லின்மேல் விளக்குக்கு முன்னால் நிறுத்தினாள். 'ஐயர்?' என்றேன். 'செஞ்சவன் கை பட்டது, என் கை பட்டது, இன்னும் எத்தினி கைடா வேணும்?' என்றாள். இரண்டு நாள் அது அங்கேயே இருந்தது, ஆட்டவில்லை. மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் தயங்கித் தயங்கி எடுத்தாள். பக்கத்து ஆலையில் சங்கு ஊத ஆரம்பித்தது. நாக்கை விரலால் பிடித்துக்கொண்டு நின்றாள். அது ஊதி முடித்த பிறகுதான் அடித்தாள்.