‘தேக்கா’: பெயரும் உச்சரிப்பும்

‘தேக்கா’ தமிழ்ச் சொல் என்று நினைப்போர் உண்டு. உண்மையில் அது ஹொக்கியன் மொழியிலிருந்து வந்தது. ரோச்சோர் கால்வாயோரம் மூங்கில்கள் வளர்ந்திருந்ததால் அவ்விடத்தைச் சீனர்கள் ‘தெக் கியா கா’, அதாவது ‘சிறு மூங்கில்களின் அடி’ என்று அழைத்தனர். பேச்சில் அது ‘தெக் கா’ எனச் சுருங்கியது.

எழுத்தும் ஒலியும்

தமிழில் ‘க’ ஓர் எழுத்துதான். அது நிற்கும் இடமே ஒலியைத் தீர்மானிக்கிறது. சொல்லின் தொடக்கத்திலும் இரட்டித்து வரும்போதும் வலிந்து ஒலிக்கும். மெல்லின எழுத்தை அடுத்தோ, உயிரொலிகளுக்கு இடையில் தனித்தோ வந்தால் மெலியும். ‘சிங்கப்பூர்’ என்று சொல்லிப் பார்த்தால் ‘ங்க’ மெலிவதையும் ‘ப்ப’ வலிப்பதையும் உணரலாம்.

‘தேக்கா’வில் ‘க்’ இரட்டித்திருப்பதால்தான் ஹொக்கியன் ஒலி காப்பாற்றப்படுகிறது. ‘தேகா’ என்று எழுதினால் ‘தேகம்’ என்பதில் வரும் ஒலியே வரும்.

பெயர் மாறிய கதை

1915ல் கட்டப்பட்ட கண்டாங் கெர்பாவ் சந்தை, 1982ல் சாலைக்கு எதிர்ப்புறம் இருந்த புதிய கட்டடத்துக்கு மாறியது. மலாயில் ‘கண்டாங் கெர்பாவ்’ என்றால் எருமைத் தொழுவம். புதிய கட்டடத்துக்கு ‘ஜூஜியாவ் நிலையம்’ எனப் பெயரிடப்பட்டது. ‘தெக் கா’வை எழுதும் அதே சீன எழுத்துகளின் மாண்டரின் உச்சரிப்பு அது. பொருள் மாறவில்லை, ஒலிதான் மாறியது.

சீனர் அல்லாத பலருக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. கட்டடத்தின் பெயர் 2000ல் அதிகாரபூர்வமாகத் ‘தேக்கா நிலையம்’ என மாற்றப்பட்டது. மக்கள் சொல்லிப் பழகிய பெயரே பெயர்ப்பலகைக்கும் வந்தது.