எக்ஸ் பிறந்த கதை

யாங்கூனில் மின்சாரம் முறைவைத்துத்தான் வருகிறது. கரண்ட் போனபிறகு மடிக்கணினியின் பேட்டரி தாங்கும் நேரம்தான் வேலை நேரம். அந்த ஊரில் பெரிய வேலை எதுவும் ஓடாதபோதே கணினி சூடாகி, உள்விசிறி இரைந்து, பேட்டரி மளமளவென்று இறங்கினால் பாதி நாள் போய்விடும். லினக்ஸ் வைத்திருப்பவர் ‘டாப்’ கட்டளையைத் தட்டுவார். பிராசசரை அதிகம் தின்னும் நிரல் பட்டியலின் முதல் வரியில் வரும். பல நேரம் அங்கே நிற்கும் பெயர் ‘எக்ஸ்ஆர்க்’. பழி அதன்மேல் ஏன் விழுகிறது என்பதற்கான விடை அது பிறந்த கதையிலேயே இருக்கிறது.

அமெரிக்காவின் எம்ஐடியில் பாப் ஷைஃப்லர், பல கணினிகளில் பரவி ஓடும் ‘ஆர்கஸ்’ என்ற மென்பொருளில் வேலை பார்த்துவந்தார். அதில் பிழை தேடுவதற்கு வசதியான ஒரு திரைச்சூழல் அவருக்குத் தேவைப்பட்டது. அதே வளாகத்தில் மாணவர்களுக்கான ‘அதீனா’ திட்டத்தில் இருந்தார் ஜிம் கெட்டிஸ். வெவ்வேறு நிறுவனங்களின் எந்திரங்கள் எல்லாவற்றிலும் ஒரேபோல ஓடும் ஜன்னல் முறை அந்தத் திட்டத்துக்குத் தேவைப்பட்டது. இருவரும் கைகோத்தார்கள்.

ஸ்டான்ஃபோர்டில் பிறந்த ‘டபிள்யூ’ என்ற ஜன்னல் முறை அப்போதே இருந்தது. 1983-இல் அதை யுனிக்ஸுக்குக் கொண்டுவந்தபோது, சொந்தத் தளத்தில் ஓடிய வேகத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் கிடைத்தது. அதில் ஒவ்வொரு கட்டளையையும் அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை நிரல் கைகட்டி நிற்கவேண்டும். 1984 மே மாதத்தில் ஷைஃப்லர் அந்தக் காத்திருப்பை எடுத்துவிட்டார். இனி நிரல்கள் கட்டளைகளை அடுக்கடுக்காக அனுப்பிவிட்டுத் தம் வேலையைத் தொடரலாம். அகரவரிசையில் டபிள்யூவுக்கு அடுத்த எழுத்தே புதியதற்குப் பெயரானது. 1984 ஜூன் 19 அன்று ‘எக்ஸ்’ பிறந்த செய்தியை அவர் மின்னஞ்சலில் அறிவித்தார். 1987 செப்டம்பரில் வந்த 11-ஆம் பதிப்பின் நெறிமுறைதான் இன்றுவரை புழக்கத்தில் இருக்கிறது.

எக்ஸில் வரைவது ‘சர்வர்’. டாப் பட்டியலில் வரும் எக்ஸ்ஆர்க் அந்தச் சர்வர்தான். வரையச் சொல்லும் பிரௌசர், எடிட்டர் எல்லாம் ‘கிளையன்ட்’. யாங்கூன் தேநீர்க்கடையில் எத்தனை மேசையிலிருந்து குரல் வந்தாலும் தேநீர் ஆற்றுவது ஒரே மாஸ்டர் அல்லவா, அப்படித்தான். காத்திருக்கத் தேவையில்லாததால், கெட்டுப்போன ஒரு கிளையன்ட் நொடிக்கு ஆயிரக்கணக்கில் கட்டளை கொட்டலாம். சொன்னவர் கணக்கில் அந்த உழைப்பு ஏறாது. வரைந்தவர் கணக்கில்தான் ஏறும். டாப் பட்டியல் காட்டுவது அதைத்தான். வேகத்துக்காகச் செய்த மாற்றமே இந்தக் குழப்பத்துக்கும் வழிவிட்டது.

இன்னொரு காரணமும் உண்டு. கிராபிக்ஸ் டிரைவர் சரியாக அமையாவிட்டால், கிராபிக்ஸ் சிப் செய்யவேண்டிய வேலை பிராசசரின் தலையில் விழும். ‘ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ’ கட்டளையின் விடையில் ரெண்டரர் என்ற இடத்தில் ‘எல்எல்விஎம்பைப்’ என்று வந்தால் நடப்பது அதுதான். முதலில் டிரைவரைச் சரிசெய்யுங்கள். எக்ஸ்ஆர்க்கின் லாக் கோப்பில் டிரைவர் ஏறாத காரணம் பெரும்பாலும் எழுதியிருக்கும்.

டிரைவரில் குறையில்லை என்றால் கிளையன்ட்களைச் சோதிக்கவேண்டும். திறந்திருக்கும் நிரல்களில் ஒன்றுக்கு ‘கில்’ கட்டளையால் ஸ்டாப் சிக்னல் அனுப்பினால் அது சாகாமல் உறைந்து நிற்கும். அந்த நொடியே எக்ஸ்ஆர்க்கின் பங்கு சரிந்தால் ஆள் அகப்பட்டார். பங்கு குறையாவிட்டால் ‘கான்ட்’ சிக்னலால் அதை எழுப்பிவிட்டு அடுத்ததைப் பாருங்கள். நீங்கள் தட்டச்சு செய்யும் டெர்மினலையும் ஜன்னல் மேலாளரையும் மட்டும் உறையவைக்காதீர்கள். ஜன்னல்களுக்கு நிழலும் ஒளிபுகும் தன்மையும் தரும் கம்போசிட்டரை அணைத்துப் பார்ப்பதும் பலன் தரும். சர்வரின் நினைவகத்தில் எந்த நிரல் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்பதை ‘எக்ஸ்ரெஸ்டாப்’ காட்டும்.

2008-இல் கிறிஸ்டியன் ஹாக்ஸ்பெர்க் தொடங்கிய ‘வேலண்ட்’ முறையில் ஒவ்வொரு நிரலும் தன் ஜன்னலைத் தானே வரைந்துகொள்கிறது. உழைப்பும் பெரும்பாலும் அதனதன் கணக்கிலேயே ஏறுகிறது. ஆனால் பழைய மடிக்கணினிகள் பலவற்றில் இன்னும் எக்ஸ்தான் ஓடுகிறது. அங்கே டாப் பட்டியலில் எக்ஸ்ஆர்க்கைக் கண்டதும் அதைக் கொன்றுவிடாதீர்கள். அது போனால் திரையில் திறந்திருக்கும் எல்லாமும், சேமிக்காத வேலையும் சேர்ந்தே போகும். வரையச் சொன்னவர் யார் என்று முதலில் தேடுங்கள்.