குளத்தை வெட்டி ஊரைக் கட்டிய சீமை



சிவகங்கை என்பது முதலில் ஓர் ஊரின் பெயரன்று. ஒரு நீரூற்றின் பெயர். நாவல் மரத்தடியில் தவமிருந்த சாத்தப்பையா என்னும் ஞானியைச் சசிவர்ணத் தேவர் கண்ட இடத்தில் அவ்வூற்று இருந்ததாகவும், அதையே குளமாக வெட்டி, 1730ஐ ஒட்டி அதனருகே தம் தலைநகரை அமைத்ததாகவும் மரபு கூறுகிறது. தெப்பக்குளமும் அரண்மனையும் அருகருகே இருப்பதை நாம் நாள்தோறும் பார்த்துக்கொண்டுதான் போகிறோம்.

வைகை நம் மாவட்டத்தின் தென்பகுதியைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. எஞ்சிய ஊர்களுக்கு வானமே வழி. ஆகவே ஒவ்வோர் ஊரும் தனக்கென ஓர் ஊருணியை வெட்டிக்கொண்டது. காரைக்குடிப் பக்கத்து நகரத்தார் ஊர்களில், கூரையிலும் தெருவிலும் விழும் மழைநீர் வடிகால் வழியே ஊருணியைச் சேரும்படி தெருக்களே திட்டமிடப்பட்டன. 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் அவ்வூர்கள் இடம்பெற்றதற்கு மாளிகைகள் மட்டுமல்ல, இந்த நீர் ஏற்பாடும் ஒரு காரணமாகும். குடிநீர் ஊருணியில் கால் நனைப்பதும் துணி துவைப்பதும் கூடாது என்பது ஊர்க்கட்டுப்பாடு. மதீனாவில் ரூமா கிணற்றை விலைக்கு வாங்கி அனைவருக்கும் பொதுவாக்கிய ஹஸ்ரத் உஸ்மான் (ரலி) அவர்களின் வரலாற்றைக் கேட்டு வளர்ந்த நமக்கு, நீரைப் பொதுவில் வைப்பதன் பெருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

வெட்டியதைக் காத்தது எது? குடிமராமத்து. மழைக்கு முன் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து வரத்துக் கால்வாயைத் தூர் வாருவார். கரையில் மண் போடுவார். எழுதி வைத்த சட்டம் ஏதுமில்லை. 1858இல் ஆங்கில அரசு இதனைக் கட்டாய உழைப்புச் சட்டமாக்கியது. வழக்கமாக இருந்தது சட்டமானபோது அதில் இருந்த உறவு போய்விட்டது என்பது நம் கருத்து. 2017இல் தமிழக அரசு குடிமராமத்து என்ற அதே பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கிற்று. பெயர் திரும்பிய அளவுக்கு ஆட்கள் திரும்பினார்களா என்பதை அவரவர் ஊர்க் கண்மாயே சொல்லும்.

சாலையின் கதை வேறு. 1801இல் கர்னல் அக்னியூவின் கும்பினிப் படை, சிறுவயலிலிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டி வழி அமைக்க ஏறத்தாழ ஒரு மாதம் முயன்று, முடியாமல் கைவிட்டது. பின்னர் வேறு வழியாக நுழைந்து கோட்டையைப் பிடித்தது; அவ்வாண்டு அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். ஊரார் கேட்காமலே வெட்டப்பட்ட சாலை அது.

ஊரார் வரி கட்டிச் சாலை போடும் முறை 1871ஆம் ஆண்டு சென்னை மாகாண உள்ளூர் நிதிச் சட்டத்தின் மூலம் வந்தது. சாலை, பள்ளிக்கூடம், சுகாதாரம் ஆகிய மூன்றையும் அச்சட்டம் ஒரே நிதியின்கீழ் வைத்தது. நல்ல ஏற்பாடுதான். ஆயினும் வரி கட்டியாயிற்று, இனி அது சர்க்கார் வேலை என்ற எண்ணமும் மெல்ல வேரூன்றியது.

பள்ளிக்கூடங்களைப் பொறுத்தவரை அவ்வெண்ணத்தை மாற்றிய காலம் ஒன்று உண்டு. காமராஜர் ஆட்சியில், நெ.து. சுந்தரவடிவேலு அவர்கள் பொதுக்கல்வி இயக்குநராயிருந்தபோது, 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஊரார் பெஞ்சும் கரும்பலகையும் கொடுத்தனர், சுவர் எழுப்பினர், நிலம் எழுதி வைத்தனர். நம் மாவட்டத்து இளையான்குடியில் 1970இல் டாக்டர் சாகிர் உசேன் கல்லூரி எழுந்தது. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருத்தல் வேண்டும்; மொத்த உறுப்பினரில் பாதிப்பேர் பெண்களாக இருத்தல் வேண்டும். அக்குழுவின் கூட்டத்திற்கு நம்மில் எத்தனை பேர் சென்றிருக்கிறோம்?

இப்போது நம் தெருவுக்கு வருவோம். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதால் சாலை உயர்ந்து, பள்ளிவாசல் வாசற்படி தாழ்ந்துவிட்டது. மழை பெய்தால் ஊருணிக்குப் போக வேண்டிய நீர் உளூச் செய்யும் இடம் வரை வருகிறது. பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பின்னரே புதுச்சாலை போட வேண்டுமென 2021 மே மாதம் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு அவர்கள் அறிவுறுத்தினார்கள். இச்செய்தி நமக்குத் தெரிந்திருந்தால், சாலை போட்ட அன்றே நின்று கேட்டிருக்கலாம். நாமோ நிழலில் நின்று வேடிக்கை பார்த்தோம். தேநீரும் வாங்கிக் கொடுத்தோம்! பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதை ஈமானின் கிளைகளுள் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் கற்பித்திருக்க, இடையூறு போடப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது நம் பிழை. இதனை எழுதும் நாமும் அதில் அடக்கம்.

வரத்துக் கால்வாய் எந்தெந்த வீட்டின் ஓரமாகச் சென்றது என்பதை அறிந்த பெரியவர்கள் நம்மிடையே சிலரே உள்ளனர். மழைக்காலம் தொடங்குமுன் அவர்களுடன் ஒரு நாள் நடந்து சென்று, வழியைக் குறித்து, நகராட்சிக்கு மனுவாகக் கொடுக்க நிர்வாகக் குழு எண்ணியுள்ளது. உடன் வர விரும்புவோர், எச்சமுதாயத்தவராயினும், அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம்.