மூச்சு திறந்த மாதிரி

எங்கள் வீட்டில் சளி, இருமல், தலைவலி எதுவானாலும் முதலில் திறப்பது விக்ஸ் டப்பாதான். அதன் பூர்வீகப் பெயரைப் படித்தபோது திடுக்கென்றது: 'ரிச்சர்ட்சனின் குரூப் மற்றும் நிமோனியா குணமாக்கும் களிம்பு'. குரூப் என்பது குழந்தைகளுக்குத் தொண்டை வீங்கி, குரைப்பது போல இருமல் வரும் நோய். அது இருக்கட்டும். நிமோனியாவைத் தேய்த்தே குணமாக்குவதா?

லன்ஸ்ஃபோர்ட் ரிச்சர்ட்சன் போலி ஆசாமி கிடையாது. அமெரிக்காவில், வட கரோலினாவின் கிரீன்ஸ்போரோ நகரத்து மருந்துக்கடைக்காரர். மென்தால், கற்பூரம், யூகலிப்டஸ் எண்ணெய் இதையெல்லாம் பெட்ரோலியம் ஜெல்லியில் கலந்தார். நெஞ்சில் தடவினால் உடம்புச் சூட்டில் ஆவியாகி மூக்கில் ஏறும். அன்று நிமோனியாவுக்கு டாக்டர்கள் கையிலும் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. கிருமியை அடக்கும் சல்ஃபாபிரிடின் மாத்திரை 1938இல்தான் வந்தது. பென்சிலின் எல்லோருக்கும் கிடைத்தது அதற்கும் பிறகு.

1918இல் இன்ஃப்ளூயன்ஸா உலகைச் சுற்றியது. இறந்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது காய்ச்சலைத் தொடர்ந்து வந்த பாக்டீரியா நிமோனியா என்று பின்னாளில் ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். அதற்குள் 'விக்ஸ் வேப்போரப்' என்று பெயர் மாறியிருந்த களிம்பு, கடைகளில் நிற்கவே இல்லை. கையிருப்பைத் தாண்டி விற்றுவிட்டது என்று பத்திரிகையில் விளம்பரமே போட்டார்கள். 9 லட்சம் டாலராக இருந்த ஆண்டு விற்பனை 29 லட்சத்துக்கு எகிறியது.

1919இல் ரிச்சர்ட்சன் இறந்தார். நிமோனியா.

"பாத்தீங்களா, எல்லாம் ஏமாத்து" என்று சொல்லிவிடலாம். எனக்கு அது அவ்வளவு சுலபமாகத் தெரியவில்லை. தடவினால் இதமாக இருப்பது நிஜம். மென்தால் குளிர்ச்சியை உணரும் நரம்புகளைத் தூண்டுகிறது; காற்று தாராளமாகப் போவதாக மூளை நினைத்துக்கொள்கிறது. அளந்து பார்த்தால் மூக்கில் போகும் காற்று கூடியிருக்காது. நிமோனியாவில் அடைப்பு இருப்பதோ நுரையீரலின் கடைக்கோடியில். அங்கே உள்ள சின்னச் சின்னக் காற்றறைகளில் சீழும் நீரும் கட்டிக்கொள்ள, ஆக்சிஜன் ரத்தத்தில் சேர வழியில்லாமல் போகிறது. அந்த இடத்தில் தைலம் செய்யக்கூடியது எதுவுமில்லை.

அதே சமயத்தில் இன்னொரு மருந்தும் மலிந்திருந்தது. ஆஸ்பிரினுக்கு பேயர் கம்பெனி வைத்திருந்த அமெரிக்கக் காப்புரிமை 1917இல் முடிந்து, பலரும் தயாரிக்கத் தொடங்கியிருந்தார்கள். ஒரு நாளைக்கு 8 முதல் 31 கிராம் வரை அப்போது பரிந்துரைத்திருக்கிறார்கள். இன்றைய உச்சவரம்பு 4 கிராம். அளவு மீறினால் மூச்சு வேகமெடுக்கும், நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அன்றைய சாவுகளில் ஒரு பங்கு ஆஸ்பிரினாலேயே நேர்ந்திருக்கலாம் என்று 2009இல் காரென் ஸ்டார்கோ என்ற மருத்துவர் எழுதினார். இது நிரூபணமாகாத கருத்துதான். ஆனால் நோய் எது, மருந்தின் விஷம் எது என்று பிரித்தறிய முடியாத நிலை அன்று இருந்தது என்பதே எனக்குப் பயமாக இருக்கிறது.

இன்று ஆன்டிபயாடிக் இருக்கிறது, எக்ஸ்ரே இருக்கிறது. நம் பழக்கம் மட்டும் 1918இலேயே நிற்கிறது. மெடிக்கலில் போய், "அண்ணா, சளி காய்ச்சலுக்கு ரெண்டு செட் குடுங்க" என்கிறோம். பாராசிட்டமால் சூட்டை இறக்கும், சிரப் இருமலைக் கொஞ்சம் அமர்த்தும். இரண்டும் அதனதன் வேலையைத்தான் செய்கின்றன. சூடு இறங்கியதை நோய் இறங்கியதாக எடுத்துக்கொண்டு ரெண்டு நாளைக் கடத்துவது நாம்தான். நிமோனியாவில் அந்த ரெண்டு நாள் பெரிய விஷயம்.

நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதோடு மூச்சையும் எண்ணிப் பாருங்கள். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது, கடிகாரம் வைத்து முழுசாக ஒரு நிமிடம். 2 மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் 50, ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் 40, பெரியவர்களுக்கு 30. இந்த எண்ணிக்கையைத் தொட்டாலோ, அதற்குக் குறைவாக இருந்தும் மூச்சுவிடச் சிரமப்பட்டாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, மெடிக்கலைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். டப்பா வீட்டிலேயே இருக்கட்டும்.