புழல் கோட்டை சொல்லும் கதை

புழல் என்றவுடன் இன்று எவர்க்கும் நினைவுக்கு வருபவை இரண்டு. ஒன்று சென்னைக்குக் குடிநீர் வழங்கும் ஏரி. மற்றொன்று மத்தியச் சிறை. அம்பத்தூரிலும் ஆவடியிலும் அவற்றைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழும் நம் குடும்பத்தார்க்கு மூன்றாவதாக ஒன்றும் நினைவுக்கு வருதல் வேண்டும். அங்கு எழுந்தருளியுள்ள ஆதிநாதப் பெருமானே அது.

நம்மிற் பலர் ஆரணி, வந்தவாசி, திண்டிவனம் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து வேலையின் பொருட்டு இங்குக் குடியேறியவர்கள். பள்ளியில் நம் பிள்ளைகள் தாம் சமணர் என்று சொன்னால், "நீங்கள் எந்த மாநிலம்?" என்னும் கேள்வியே முதலில் வருகிறது. அதற்கு விடை சொல்லத் தெரியாமல் அவர்கள் வீட்டுக்கு வந்து நம்மைக் கேட்கிறார்கள். நாம் வாழும் மண்ணிலேயே அதற்கு விடை இருக்கிறது. ஆனால் அவ்விடையைக் கதையாக மட்டும் சொல்லாமல் ஆராய்ந்து சொல்லுதல் நம் கடமை.

தொண்டை மண்டலம் 24 கோட்டங்களாகப் பகுக்கப்பட்டிருந்தது. அவற்றுள் ஒன்று புழற்கோட்டம். அம்பத்தூர் நாடு அதன் உட்பிரிவு. இக்கோட்டத்தைப் பற்றிய கதையொன்று காலின் மெக்கன்சி தொகுத்த சுவடிகளில் உள்ளது. 1815-இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளராகப் பொறுப்பேற்ற மெக்கன்சி, ஊர்தோறும் உதவியாளரை அனுப்பி வரலாறுகளைக் கேட்டெழுதச் செய்தவர். அவருக்குத் துணைநின்ற அறிஞருள் தருமையா என்னும் சமணப் பண்டிதரும் ஒருவர்.

அச்சுவடி கூறும் கதை இது. இந்நிலப்பகுதி முன்னர்க் குறும்பர் ஆட்சியில் இருந்தது. அவர்களுக்கு 24 கோட்டைகள். தலைமைக் கோட்டை புழல். தலைவன் கமண்டக் குறும்பப் பிரபு. அவர்கள் நாட்டிற்குச் சமண ஆசாரியர் ஒருவர் வந்து அறம் உரைத்தார், குறும்பர் சமணராயினர். அவர் பெயரால் கட்டிய பஸ்தி, கதையை எழுதிய காலத்திலும் நிலைத்திருந்ததாகச் சுவடி சொல்கிறது. பின்னர்க் குலோத்துங்க சோழனின் மகன் ஆதொண்டை படையெடுத்து வந்து தோற்றான். பின்வாங்கித் தங்கிய இடம் சோழன்பேடு. அன்றிரவு சிவபெருமான் கனவில் தோன்றி வெற்றிக்கு அடையாளம் ஒன்று சொன்னார். அவ்வடையாளம் மறுநாள் தோன்றியது, குறும்பர் அழிந்தனர். கோட்டையின் வெண்கலக் கதவு தஞ்சைக் கோயிலுக்குச் சென்றது. அடையாளம் தோன்றிய இடத்தில் எழுந்த திருமுல்லைவாயில் கோயிலில் கோட்டைத் தூண் நாட்டப்பட்டது.

சென்னை மாநிலக் கல்லூரியில் வடமொழிப் பேராசிரியராக இருந்த குஸ்தாவ் ஆப்பர்ட் 1893-இல் வெளியிட்ட நூலிலும், எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுதிகளிலும் இக்கதை இடம்பெற்றது.

திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலுக்குச் சென்றவர்கள் கருவறைக்கு முன் உள்ள இரண்டு எருக்கந்தூண்களைக் கண்டிருப்பர். நந்தி இறைவனை நோக்காமல் எதிர்த்திசை நோக்கி அமர்ந்திருப்பதற்கும், தொண்டைமானுக்குத் துணையாகப் போருக்குப் புறப்பட்ட கோலம் என்றே காரணம் சொல்வர். நாம் நாள்தோறும் பேருந்தில் கடக்கும் சோழம்பேடும் இக்கதையின் ஊரே.

இனி இக்கதையைச் சற்றே ஆராய்வோம்.

முதலாவது, காலம். தொண்டைமானின் களிறு முல்லைக்கொடியில் சிக்குண்ட செய்தி சுந்தரர் தேவாரத்திலேயே உண்டு. சுந்தரர் 9-ஆம் நூற்றாண்டுக்குப் பிற்பட்டவர் அல்லர். முதற்குலோத்துங்கன் அரியணை ஏறியதோ 1070-இல். தந்தைக்கு இருநூறு ஆண்டு முன்னரே மகன் போரிட்டிருக்க இயலாது. சுந்தரர் அப்பாடலில் குறும்பரைச் சொல்லவுமில்லை. பழைய யானைக் கதையோடு பிற்காலத்துப் போர்க்கதை ஒன்று இணைந்தது என்பதே பொருந்தும்.

இரண்டாவது, பெயர். ஆதொண்டை வென்ற பிறகே தொண்டை மண்டலம் என்னும் பெயர் வந்ததாகக் கதை கூறும். ஆனால் தொண்டைமான் இளந்திரையனைப் பெரும்பாணாற்றுப்படை பாடியது சங்க காலத்தில். சோழன்பேடு என்பதிலும் பேடு என்னும் ஈறு கோயம்பேடு, மப்பேடு என இவ்வட்டாரத்துப் பல ஊர்களுக்குப் பொதுவானது. குறும்பு என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் சிற்றரண் என்பது பொருள். அரண்களை உடைய சிறுதலைவர் அனைவரையும் குறும்பர் என்னும் பெயர் சுட்டியிருக்கக்கூடும்.

மூன்றாவது, சமயம். தலபுராணக் கதை இதே குறும்பரைப் பைரவரை வழிபட்டு வலிமை பெற்றவர் என்கிறது. மெக்கன்சி சுவடி சமணர் என்கிறது. ஒரே பகைவர்க்கு இரு சமயம் கூறப்படுதலின், போரைச் சமயப்போர் என்று நாம் முடிவு கட்டுதல் பொருந்தாது.

நான்காவது, பின்விளைவு. தொண்டை மண்டலத்தில் சமணம் சோழரால் வேரறுக்கப்பட்டது எனின், காஞ்சியை அடுத்த திருப்பருத்திக்குன்றத்துத் திரைலோக்கியநாதர் கோயிலில் குலோத்துங்கன் காலத்துக் கல்வெட்டே இருப்பது எங்ஙனம்? 1387-இல் விசயநகர அமைச்சர் இருகப்பர் அங்குச் சங்கீத மண்டபம் எழுப்பியது எங்ஙனம்? திருமலையிலுள்ள குந்தவை ஜினாலயம் சோழ அரசமகள் பெயரையே தாங்கி நிற்கிறதே!

ஆகவே இக்கதையிலிருந்து நாம் கொள்ளத்தக்கது எது, தள்ளத்தக்கது எது? புழற் குறும்பர் நம் குருதி முன்னோர் என்று சொல்ல நமக்குச் சான்றில்லை. ஓர் அரசன் நம்மை அழித்தான் என்று மனக்குறை வளர்க்கவும் சான்றில்லை. ஆனால் 200 ஆண்டுகளுக்கு முன்னரே புழலைப் பற்றிய கதையில் சமண ஆசாரியரும் பஸ்தியும் நீக்கவொண்ணாத இடம் பெற்றிருந்தன. குறும்பரை வென்றவன் புகழைப் பாடும் கதை இது. அதுவே நம் அறத்தின் இருப்பிற்கும் சாட்சி கூறுகிறது. தம்மைப் பற்றித் தாமே கூறும் பெருமையினும் பிறர் கதையில் தற்செயலாக விழுந்த சொல் வலிமையுடையது.

ஒரு பொருளைப் பல நிலையினின்றும் நோக்க வேண்டும் என்பது நம் அநேகாந்தம். அதனைத் தத்துவத்திற்கு மட்டும் வைத்துக்கொண்டு, வரலாற்றில் ஒருபக்கமே நோக்குதல் முறையாகாது.

விடுமுறை நாளொன்றில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு காலையில் புழல் ஆதிநாதரை வணங்குங்கள். பின்னர்த் திருமுல்லைவாயிலுக்குச் சென்று அந்த எருக்கந்தூண்களையும் காட்டுங்கள். இரு கோயில்களும் சேர்ந்தே ஒரு வரலாற்றைச் சொல்கின்றன. வீட்டுப் பெரியோர் அறிந்த ஊர்க்கதைகளைச் சொன்னவர் பெயருடனும் நாளுடனும் எழுதி வையுங்கள். மெக்கன்சியின் உதவியாளர் அன்று கேட்டு எழுதாதிருந்தால், இன்று இவ்வளவும் நாம் பேச இயலாது.

"நீங்கள் எந்த மாநிலம்?" என்று இனி எவரேனும் வினவினால், நம் பிள்ளைகள் தயங்க வேண்டியதில்லை. "தமிழ்நாடு, தொண்டை மண்டலம், இப்போது வசிப்பது புழற்கோட்டத்தில்" என்று விடை கூறட்டும்.

வாழ்க ஜினதருமம்!