1841ஐத் தெரியாத எக்செல்

யாழ்ப்பாணத்தில் ‘உதயதாரகை’ முதல் இதழ் வந்தது 1841 ஜனவரி 7. இதை எக்செல்லில் அடிச்சுப் பாருங்கோ, திகதியாகவே எடுக்காது. விண்டோஸ் எக்செல்லுக்கு 1900 ஜனவரி 1தான் முதலாம் நாள். அதிலயும் ஒரு பிழை: 1900 லீப் வருடமில்லை, ஆனாலும் அதன் கணக்கில் பெப்ரவரி 29 இருக்கு. 1983இல் வந்த லோட்டஸ் 1-2-3 விட்ட பிழை அது. அதன் கோப்புகளோடு ஒத்துப்போகவேணும் எண்டு மைக்ரோசொப்ட் தெரிஞ்சே எடுத்துக்கொண்டது.

இதால என்ன நட்டம்? பழைய பத்திரிகைகளைத் திகதிப்படி அடுக்கினால், 1841 இதழ் நேற்று வந்த இதழுக்கும் கீழ போய் நிற்கும். ஆகவே திகதி நிரலை முதலே ‘டெக்ஸ்ட்’ ஆக்கிவிட்டு, எல்லாவற்றையும் வருடம், மாதம், நாள் என்ற ஒழுங்கில் 1841-01-07 என அடியுங்கோ. 05/04 ஏப்ரலா மேயா என்ற குழப்பமும் வராது. மூத்த பத்திரிகை தன்ர இடத்திலேயே நிற்கும்.